வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுகிறீர்கள்?



மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் நிற்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில். நம் பெண்களும் நிற்பார்கள், மாற்றுமதச் சகோதரிகளும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்தத் தாய்மார்களின் நம்பிக்கையைக் கேலி செய்ய நான் வரவில்லை. பிள்ளைக்காகத் துஆச் செய்வது இபாதத். குர்ஆன் ஓதிப் பார்ப்பதற்கும் மார்க்கத்தில் ஆதாரம் உண்டு. ஆனால் அங்கே நிற்கும் ஒரு பிள்ளைக்கு வலிப்பு நோய் இருந்து, ஊதியதோடு திருப்திப்பட்டு அந்தத் தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டால், அதில் ஊதியவருக்கும் பொறுப்பு இருக்கிறதா இல்லையா? இதை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டுதான் உங்களிடம் கேட்கிறேன்.

மதரஸாவில் ஸனது வாங்கி வெளியே வந்த புதிதில் ஒரு சிற்றூரில் இமாமாக இருந்தேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவனை வெள்ளிக்கிழமைதோறும் அவன் உம்மா அழைத்து வருவார். "ஹஜ்ரத், புள்ளைக்கு நின்ன நிலையிலேயே கண்ணு சொருகுது, கை வெட்டி வெட்டி இழுக்குது, ஏதோ அண்டியிருக்கு" என்பார். நானும் ஆயத்துல் குர்ஸியும் கடைசி மூன்று சூராக்களும் ஓதி ஊதுவேன். "இன்ஷா அல்லாஹ் சரியாகிவிடும்மா" என்பேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. பைசா வாங்காமல் ஓதுகிறோம் என்ற பெருமை வேறு! ஒரு நாள் அஸருக்கு அந்தப் பையன் ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து ஒளுச் செய்துகொண்டிருந்தபோது வலிப்பு வந்து தலைகுப்புறத் தண்ணீருக்குள் சாய்ந்துவிட்டான். மோதினார் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கவில்லையென்றால் அன்று ஜனாஸாத் தொழுகையை நான்தான் நடத்தியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளாக இப்படி?" உம்மா சொன்னார்: "ரெண்டு வருஷமா. ஹஜ்ரத் ஓதிக்கிட்டுத்தான் இருக்காங்க." டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், டாக்டர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சகோதரர்களே! நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? புகாரியில் வரும் செய்தி ஆலிம்களுக்கெல்லாம் தெரியும். அதாவு இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்களிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு கறுப்புநிறப் பெண்மணியைக் காட்டி, இவர் சுவர்க்கவாசி என்கிறார்கள். அந்தப் பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனக்கு வலிப்பு வருவதையும் அப்போது ஆடை விலகிவிடுவதையும் சொல்லித் துஆச் செய்யக் கேட்டவர். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணத்துக்காகத் துஆ என்று நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் முன்வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்து, ஆடை மட்டும் விலகாதிருக்கத் துஆக் கேட்டார். இதில் எங்கேனும் அந்தப் பெண்ணைச் சபித்ததோ, அடித்ததோ, கட்டிப்போட்டதோ, ஊரைவிட்டு ஒதுக்கியதோ உண்டா? ஒரு நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய கண்ணியம் அவருக்குக் கிடைத்தது. கிராமத்து அரபிகள் வந்து நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது.

"ஜின் இல்லை என்கிறீரா?" என்று சிலர் கோபப்படுவார்கள். ஜின் உண்டு என்பது நம் ஈமான். அதற்காக, விழுந்த பிள்ளையெல்லாம் ஜின் தள்ளி விழுந்த பிள்ளையா? ஜின் தீண்டல் உண்டு என்று உறுதியாக எழுதிய இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களே 'ஸாதுல் மஆத்' நூலில் 'ஸரஉ' எனும் வலிப்பை இரண்டாகப் பிரித்து, உடற்கோளாறால் வருவது மருத்துவர்களின் துறை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்மணிக்கு இருந்ததும் இந்த வகையாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். 1037இல் இறந்த இப்னு ஸீனா தன் 'கானூன்' நூலில் வலிப்பை வைத்தது தலை, மூளை நோய்களின் வரிசையில். ஆயிரம் வருடத்துக்கு முன் நம் முன்னோர் மூளை நோய் என்று எழுதி வைத்ததை, இன்று நாம் வேப்பிலையும் தகடும் கொண்டு விரட்டுகிறோம்! வெட்கப்பட வேண்டாமா?

இந்த அறியாமையின் விலையைத் தமிழகம் ஒரு முறை மொத்தமாகக் கொடுத்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. இறந்தவர்கள் மனநோயாளிகள், வலிப்பு நோய் வேறு. ஆனால் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களை வேறெங்கோ கொண்டுபோய் விட்ட மனப்போக்கு ஒன்றுதானே? தர்கா கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு இது இடமல்ல, அதை வேறு பக்கத்தில் வைத்துக்கொள்வோம். அதே ஏர்வாடியில் பிற்பாடு, துஆவோடு மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு டாக்டர்கள் அமர்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. அங்கேயே வந்துவிட்டது. நம் மஹல்லாவில் ஏன் முடியாது?

இனி நோய்க்கு வருவோம். மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிகச் சிறிய மின்சாரத்தால். அந்த மின்சாரம் திடீரென்று கட்டுமீறிப் பாய்ந்தால் வலிப்பு. எந்த இடத்தில் பாய்கிறதோ அதற்கேற்ற அறிகுறி. ஆகவே கீழே விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அது எல்லோருக்கும் தெரிகிற வகை. தெரியாத வகைகள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன.

மக்தபில் பிள்ளை ஓதிக்கொண்டே வரும். நடுவில் சட்டென நின்றுவிடும். பத்து விநாடி வெறித்த பார்வை, இமை லேசாகத் துடிக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வேறோர் இடத்திலிருந்து ஓதும். உஸ்தாது என்ன செய்வார்? "கவனம் எங்கேடா?" என்று தலையில் ஓர் அடி! பள்ளிக்கூடத்தில் 'மந்தம்' என்று பெயர். சகோதரர்களே, அது கவனக்குறைவல்ல, விழாமல் வருகிற வலிப்பு. நான்கு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும், ஒரு நாளில் பலமுறைகூட வரும். டாக்டர் பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னால் அவர் கண்முன்னாலேயே வந்துவிடுவதுண்டு. மூளை மின்பதிவு எடுத்து உறுதி செய்வார்கள். மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படுகிற வகை இது. உஸ்தாதுமார்களே, தலையில் அடிக்கும் அந்தக் கையை இன்றோடு நிறுத்துங்கள்!

கைக்குழந்தைக்கு வருவது இன்னொரு வகை. தூங்கி விழித்ததும் குழந்தையின் தலை முன்னே கவிழும், கைகள் விரியும், உடல் மடங்கும். ஒரு விநாடி, இரண்டு விநாடி. விட்டுவிட்டு வரிசையாகப் பத்து, இருபது முறை. வயிற்றுவலி, திடுக்கிடுகிறது என்று வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள். ஆங்கிலேய டாக்டர்கள் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? சலாம் வலிப்பு! குனிந்து சலாம் போடுவதுபோல் இருக்கிறதாம். வில்லியம் வெஸ்ட் என்ற டாக்டர் தன் சொந்த மகனுக்கு வந்ததை 1841இல் லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதி, யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டார். இதில் ஒவ்வொரு நாள் தாமதமும் குழந்தையின் அறிவு வளர்ச்சியைத் தின்னும். சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தினால், உட்கார்ந்த குழந்தை உட்கார மறந்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

காய்ச்சலில் வருகிற 'ஜன்னி' வேறு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும், மூளையைக் கெடுப்பதில்லை. பார்க்கிற தாய்க்குத்தான் உயிர் போய்விடும். ஆனாலும் முதல் முறை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோடு வலிப்பு என்பது மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது என்ன செய்வது? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற அடுப்பு, கல், கத்தியை அப்புறப்படுத்துங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நாம் சுன்னத்தாகப் பக்கவாட்டில் சாய்ந்து தூங்குகிறோமே, அந்த நிலைதான். எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழலுக்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். தலைக்குக் கீழே ஒரு துணி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிடுங்கள். அவ்வளவே. சாவிக்கொத்து வேண்டாம், கையில் இரும்பு வேண்டாம், செருப்பை முகர வைக்க வேண்டாம், வெங்காயம் வேண்டாம். பல்லுக்கிடையில் கரண்டியோ விரலோ விடவே கூடாது. பல் உடையும், விரல் துண்டாகும், மூச்சு அடைக்கும். கைகாலைப் பிடித்து அமுக்காதீர்கள். ஸம்ஸம் தண்ணீராகவே இருந்தாலும் முழுதாக நினைவு திரும்பும்வரை வாயில் ஊற்றாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் நாவு துஆச் செய்யட்டும், கை சொன்னதைச் செய்யட்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தடுத்து வந்தாலோ, தண்ணீருக்குள் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ 108ஐக் கூப்பிடுங்கள். அடிக்கடி நீண்ட வலிப்பு வரும் பிள்ளைக்கு மூக்கில் அடிக்கும் மருந்தை டாக்டர் எழுதித் தருவதுண்டு, கேளுங்கள். கைப்பேசியில் ஒருவர் படமும் எடுத்துவிடட்டும். வீட்டில் நடந்ததை டாக்டர் பார்த்ததில்லை. நம் வர்ணனையைவிட அரை நிமிடப் படம் அவருக்கு ஆயிரம் சொல்லும். தயவுசெய்து அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டது எதற்காக என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வருகிறது? பிரசவத்தில் மூச்சுத் திணறல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பரம்பரை என்று காரணங்கள் பல, காரணமே தெரியாததும் உண்டு. அதில் ஒன்றை நம் சமுதாயத்துக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பிள்ளைகளின் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் பன்றி நாடாப்புழு. "அஸ்தஃபிருல்லாஹ்! நாம் பன்றியைத் தொடுவதே இல்லையே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். புழு வயிற்றில் இருப்பவரின் மலத்தில் அதன் முட்டை வெளியேறுகிறது. அது கழுவாத கையிலும், கீரையிலும், தண்ணீரிலும் கலந்து இன்னொருவர் வாய்க்குள் போகிறது. அங்கிருந்து இரத்தத்தில் ஏறி மூளையில் சிறு கட்டியாக உட்காருகிறது. பன்றி இறைச்சி உண்ணாதவருக்கும் இது வரும். பன்றியை நம்மைப் போலவே விலக்கி வாழும் நியூயார்க் யூதர்களிடையே இந்த நோய் கண்டது 1992இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் வழியாக வந்திருந்தது. முன்பெல்லாம் ஸ்கேனில் தெரியும் இந்தச் சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். அவற்றில் மிகப் பல இந்தப் புழுக்கட்டிகளே என்பதையும், இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதையும் 1990களின் தொடக்கத்தில் உலகுக்குக் காட்டியவர்கள் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராஜசேகரும் சாண்டியும் அவர்கள் குழுவினரும். இக்கட்டிகளில் பல சில மாதங்களில் தாமாகவே கரைந்துவிடுகின்றன. ஆக, சுத்தம் ஈமானின் ஒரு பகுதி என்று சுவரில் எழுதி வைத்தால் போதாது. மக்தபின் கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா என்று முத்தவல்லி போய்ப் பார்க்க வேண்டும்.

மருந்துக்குக் குணமாகுமா? முறையாகச் சிகிச்சை பெற்றால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் ஐந்து கோடிப் பேருக்கு இந்நோய். ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்குச் சரியான சிகிச்சையே கிடைப்பதில்லை. மருந்து தங்கத்தின் விலையா? இல்லை. பழைய, மலிவான மாத்திரைகளே பெரும்பாலோருக்குப் போதும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கின்றன. நம்மவர் கெடுத்துக்கொள்வது எங்கே தெரியுமா? மூன்று மாதம் வலிப்பு வரவில்லை, "மாத்திரை சூடு, நிறுத்திவிடுவோம்" என்று தாமாகவே நிறுத்துவதில். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், சில நேரம் விடாமல் வந்து உயிரையே எடுக்கும். பொதுவாக இரண்டு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி யோசிப்பார். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும். ரமலானில் தராவீஹ், ஸஹர் என்று இரவெல்லாம் விழிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. பருவமடைந்திருந்தாலும் நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டு மாமியிடம் அல்ல.

தலைவலியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஏது தலைவலி, பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலி பிள்ளைகளுக்கும் வரும். பெரியவர்களைப் போல ஒரு பக்கம் என்றில்லாமல் நெற்றி முழுக்க வலிக்கும், வாந்தி வரும், இருட்டறையில் தூங்கி எழுந்தால் தெளியும். உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ இருந்திருக்கும். ஸுப்ஹுக்கு எழுந்து வெறும் தேநீரோடு மக்தபுக்கு ஓடி, அங்கிருந்து அப்படியே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பதினொரு மணிக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு அனுப்புங்கள், மக்தப் கால்மணி நேரம் தள்ளித் தொடங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தியோடு வரும் தலைவலி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் தலைவலி, அதோடு நடை தள்ளாடினால், கண் மாறுகண்ணானால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், இதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மூளைக்குள் அழுத்தம் கூடுகிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாத தலைவலி என்றால் அந்த மணிநேரமே ஆஸ்பத்திரி.

பெண்பிள்ளை என்றால் நம்மவர்கள் இன்னும் மூடி மறைக்கிறார்கள். "வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" ஆகவே உள்ளூர் டாக்டர் வேண்டாம், மாத்திரை வீட்டில் இருக்கக்கூடாது, பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாது. மறைத்து நிக்காஹ் செய்து, போன இடத்தில் மாத்திரையை ஒளித்து, விட்டு, விழுந்து, தலாக்கில் முடிந்த பஞ்சாயத்துகளில் நானே உட்கார்ந்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு நோயை 1999இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நமக்கான 1939ஆம் வருட முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலோ வலிப்பு ஒரு காரணமாக எழுதப்படவே இல்லை. சட்டம் விட்டதை ஜமாஅத் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறது? சொல்லிக் கட்டுங்கள், தெரிந்து கட்டுங்கள். பருவ வயதை எட்டும் மகளுக்கு எந்த மாத்திரை என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது, அதை முன்கூட்டியே மாற்றுவார்கள். பயந்து நீங்களாக நிறுத்திவிடக்கூடாது.

நம் கிளைகளுக்கு ஒரு வார்த்தை. இரத்ததானத்தில் நாம் பெயர் வாங்கியிருக்கிறோம், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறோம். அந்த ஓட்டுநருக்கும் தொண்டர்களுக்கும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தெரியுமா? ஓர் அரசு டாக்டரை அழைத்து ஜுமுஆவுக்குப் பின் அரைமணி நேரம் செய்து காட்டச் சொல்லுங்கள், பெண்களுக்குத் தனியாகவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை இருப்பு இல்லையென்றால் மனு கொடுங்கள், இருப்பு வரும்வரை விடாதீர்கள். ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் போனால் விழுவது ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

ஹவுளில் விழுந்த அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயது ஆகிறது. நான்கு வருடம் மாத்திரை சாப்பிட்டான், டாக்டர் நிறுத்தினார், அல்ஹம்துலில்லாஹ் அதன் பிறகு வரவில்லை. இப்போதும் மஃரிபுக்குப் பின் என்னிடம் குழந்தைகளைக் கொண்டு வருகிறார்கள். ஓதி ஊதத்தான் செய்கிறேன். ஆனால் ஊதுவதற்கு முன் கேட்டுவிடுகிறேன்: "விழுந்துச்சாம்மா? எவ்வளவு நேரம்? சீட்டு வச்சிருக்கீங்களா?" சீட்டு இல்லையென்றால், மறுநாள் காலையில் கூடவே போய் ஓ.பி. வரிசையில் நிற்க ஓர் ஆளையும் அனுப்புகிறேன்.